10 மாதம் ஆகியும் தவழவில்லை, எடையும் கம்மி: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பெண் குழந்தை, 10 மாதம் முடிந்துவிட்டது, எடை 7.6 கிலோ. நன்றாக உட்காருகிறாள், உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து போகிறாள், ஆனால் தவழவில்லை. அதே மாதம் பிறந்த எதிர் வீட்டுப் பையன் 9 கிலோவுக்கு மேல், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். உங்கள் அத்தை "சாப்பாடு பத்தல" என்கிறார், அங்கன்வாடியில் வளர்ச்சி அட்டையைப் பார்த்து "பச்சையிலதான் இருக்கு, போங்க" (எடை சரியான வரம்புக்குள் என்று அர்த்தம்) என்கிறார்கள், போனில் பார்த்த பட்டியலில் 9 மாதத்தில் தவழ வேண்டும் என்று போட்டிருக்கிறது. முன்பு எல்லாரிடமும் போனவள் இப்போது சொந்தத் தாத்தாவைப் பார்த்தே அழுகிறாள் என்றும் ஒரு வரி. எந்த மாதத்தில் என்ன வர வேண்டும் என்று பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. பிள்ளை நன்றாக இருக்கிறாளா, எதைப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், இதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் குழந்தைகள் வார்டில் நெடுநாள் வேலை பார்த்த செவிலியர், இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். டாக்டர் இல்லை. குழந்தையைத் தொட்டுப் பார்க்காமல் "ஒன்றுமில்லை" என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், அதை முழுசாக நம்பாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்து எதைச் சொல்ல முடியுமோ அதை மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் சண்டையே எடையில்தான், அதிலிருந்து தொடங்குவோம். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 10 மாதப் பெண் குழந்தையின் நடு எடை 8.5 கிலோ. 6.7-க்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்று எழுதுவோம். உங்கள் பெண் 7.6. நடுவுக்குக் கீழே, எல்லைக்கு நன்றாகவே மேலே. ஆனால் அந்த ஒற்றை எண்ணை விட, போகிற போக்கில் நீங்கள் எழுதிய வேறு இரண்டு எண்கள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன: பிறந்தபோது 2.6, 6 மாதத்தில் 6.4. பிறந்த எடை 5 மாத வாக்கில் இரட்டிப்பாக வேண்டும், ஒரு வயதில் மும்மடங்கு, 2 வயதில் நான்கு மடங்கு என்பது நாங்கள் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கும் கணக்கு. 2.6-க்கு இரட்டிப்பு 5.2, அதை 6 மாதத்தில் தாண்டிவிட்டாள். மும்மடங்கு 7.8, பிறந்தநாளுக்கு 2 மாதம் இருக்கும்போதே கிட்டத்தட்ட அங்கே வந்துவிட்டாள். அட்டையில் இந்த 3 புள்ளிகளையும் வைத்துக் கோடு இழுத்துப் பாருங்கள், நடுக்கோட்டுக்குக் கீழே, ஆனால் அதோடு கூடவே ஏறிக்கொண்டு போகும். அவளுடைய பாதை அது. எதிர் வீட்டுப் பையனுக்கு வரைபடமே வேறு, 10 மாத ஆண் குழந்தையின் நடு எடை 9.2 கிலோ, ஆக அவனும் சும்மா சராசரியில்தான் இருக்கிறான். குறுவையையும் சம்பாவையும் பக்கத்துப் பக்கத்து வயலில் விட்டுவிட்டு எது முந்திக் கதிர் விட்டது என்று யாரும் சண்டை போடுவதில்லை, பிள்ளைகளிடம் மட்டும் போடுகிறோம்.

எனக்குப் பயம் வருவது வேறு மாதிரிக் கோட்டைப் பார்த்தால்தான். நடுக்கோட்டுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த குழந்தை 2, 3 மாதமாக அதே எடையில் நின்று கோடு படுத்துவிட்டால், அது இன்னும் பச்சையிலேயே இருந்தாலும் சரி, கொழுகொழு என்று இருந்தாலும் சரி, ஏதோ நடந்திருக்கிறது: அடிக்கடி வயிற்றுப்போக்கு, சிறுநீர்த் தொற்று, ரத்தசோகை, இல்லாவிட்டால் வீட்டில் யாரும் சொல்லாத ஏதோ ஒன்று. அதனால்தான் "பச்சையில் இருக்கு" என்ற பதில் எனக்குப் போதாது. எந்த நிறத்தில் இருக்கிறது என்பதோடு எந்தப் பக்கம் போகிறது என்றும் கேட்க வேண்டும். இன்னொன்று, எடை ஏறும் வேகம் போகப்போகக் குறையும். முதல் 3 மாதம் ஒரு நாளைக்கு 25, 30 கிராம் ஏறும் குழந்தை, 9 மாதத்துக்கு மேல் மாதம் 250 கிராம்கூட ஏறாது. அதே அட்டவணையில் சராசரிப் பெண் குழந்தை 9 மாதத்தில் 8.2, ஒரு வயதில் 8.9. அவ்வளவுதான். "முன்ன மாதிரி ஏறவே மாட்டேங்குது" என்று ஒரு வயதை நெருங்கும்போது எல்லா வீட்டிலும் கேட்கும் புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

எடை பார்க்கும் விதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிப் பயம் தராசிலிருந்து வருகிறது. நம் பக்கம் குழந்தை இடுப்பில் வெள்ளி அரைஞாண், காலில் கொலுசு, கையில் காப்பு, அதற்கு மேல் ஈரமான ஜட்டி. இதெல்லாம் சேர்ந்து 200 கிராம் சுலபமாக வந்துவிடும். போன மாதம் அரைஞாணோடு பார்த்து, இந்த மாதம் கழற்றிவிட்டுப் பார்த்தால் குழந்தை ஒரு மாதமாக வளரவே இல்லை என்று அட்டை சொல்லும். எங்கள் மாணவிகளுக்கு நான் முதலில் பழக்குவது குழந்தையை வைக்குமுன் தராசு சைபரில் நிற்கிறதா என்று பார்க்கத்தான். நீளம் அளப்பது இதைவிட மோசம். 2 வயது வரை படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும், தலை பலகையில் முட்ட ஒருவர் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்திப் பாதத்தில் பலகையைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரே ஆள் டெய்லர் டேப்பைப் பாயில் விரித்து அளந்தால் 2 செ.மீ. இப்படியும் போகும் அப்படியும் போகும். 2 வயதுக்கு மேல் நிற்க வைத்து அளப்போம். அதே குழந்தை அதே நாளில் நின்றால் சுமார் 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும், அதைக் கணக்கில் எடுக்காமல் "உயரம் குறைஞ்சு போச்சு" என்று வருகிறவர்களும் உண்டு.

"அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போட்ட சார்ட்" என்று ஒரு பேச்சு அடிக்கடி வரும். 2006-ல் வந்த அந்த அளவு பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என 6 நாட்டுக் குழந்தைகளை அளந்து போட்டது, நம் நாட்டில் தெற்கு டெல்லியில் அளந்தார்கள். தாய்ப்பாலும் நல்ல சூழலும் கிடைத்தால் 5 வயது வரை எந்த நாட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளரும் என்பதுதான் அதில் தெரிந்தது. நம் ஊருக்கு அந்த அளவுகோல் கொஞ்சம் கடுமையோ என்ற விவாதம் குழந்தை மருத்துவர்களிடையே இருக்கத்தான் செய்கிறது, ஆனால் ஒரே குழந்தையின் கோடு ஏறுகிறதா நிற்கிறதா என்று பார்க்க அந்த விவாதம் குறுக்கே வராது. 5 வயதுக்கு மேல் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் வெளியிட்ட வரைபடத்தைப் பார்ப்பார்கள்.

சரி, தவழ்வது. இதற்கும் மாதத் தேதி கிடையாது, ஒரு பெரிய இடைவெளிதான் உண்டு. உலக சுகாதார நிறுவனம் அதே ஆய்வில் பார்த்தபோது கைகாலால் தவழ்வது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வந்தது, தனியாக நடப்பது 8.2-லிருந்து 17.6 வரை. 100-க்கு 4 குழந்தைகளுக்கு மேல் தவழாமலேயே எழுந்து நடந்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் தன் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதையே எடுத்துவிட்டது. இது சரியா என்பதில் எல்லாருக்கும் ஒத்த கருத்து இல்லை, தவழ்ந்தால்தான் தோளும் கையும் உறுதிப்படும் என்று பிசியோதெரபிஸ்டுகள் பலர் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு இதில் ஒரு பக்கம் சாயத் தோன்றவில்லை. ஆனால் தவழவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு குழந்தையைப் பின்தங்கிய குழந்தை என்று சொல்ல முடியாது, இதில் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் பெண் உட்கார்ந்தபடியே நகர்கிறாள் என்று எழுதியதால் ஒரு சோதனை சொல்கிறேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, மெதுவாகத் தரையில் நிற்க வைக்கிற மாதிரி இறக்குங்கள். இந்த மாதிரி நகரும் குழந்தைகள் நிறையப் பேர் காலை ஊன்றவே மாட்டார்கள், கண்ணுக்குத் தெரியாத நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இரண்டு காலையும் முன்னால் நீட்டிக்கொள்வார்கள். இவர்கள் நடக்கக் கொஞ்சம் தாமதமாகும், ஒன்றரை வயதைத் தாண்டியும் போகலாம், விசாரித்தால் அப்பாவோ சித்தியோ இப்படித்தான் நகர்ந்தார் என்று பாட்டி சொல்லுவார். ஆனால் தூக்கும்போது கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று மடிந்தாலோ, உடம்பு முழுக்கத் துணி மாதிரி தொங்கினாலோ, ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மறு கையை மடக்கியே வைத்திருந்தாலோ, அது வேறு கதை. ஒரு வயதுக்குள் எந்தக் குழந்தையும் வலதுகை இடதுகை என்று பிரிக்காது. "இவ இடதுகைக்காரி போலருக்கு" என்று சிரித்துவிட்டு விட்டுவிடும் இடம் அது, அங்கேதான் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

காலையே பார்த்துக்கொண்டிருக்காமல் கையையும் கண்ணையும் காதையும் பாருங்கள், 10 மாதத்தில் அவை சொல்வதுதான் எனக்கு அதிகம் பயன்படும். சாப்பிடும்போது தட்டில் ஒரே ஒரு சோற்றுப் பருக்கையை விடுங்கள். 6, 7 மாதக் குழந்தை உள்ளங்கையால் வழித்து எடுக்கப் பார்க்கும். 9 மாதத்துக்கு மேல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுக்கத் தொடங்கும், முதலில் நாலு தடவை நழுவும், ஐந்தாவது தடவை வாய்க்குப் போகும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஸ்பூனைத் துண்டுக்கு அடியில் ஒளித்து வையுங்கள், துண்டை இழுத்து எடுக்கிறாளா? பின்னாலிருந்து, நிழல்கூடத் தெரியாமல், மெல்லப் பெயரைச் சொல்லுங்கள், திரும்புகிறாளா? தட்டைப் போட்டு உடைக்கிற சத்தத்துக்குத் திரும்புவது கணக்கில்லை, அதிர்வு தெரிந்துகூடத் திரும்பும். தாதா, பாபா என்று இரட்டைச் சத்தம் வருகிறதா? நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டுவது இன்னும் இருக்கிறது, அந்தக் குடும்பங்களில் பிறவிக் காது கேளாமை கூடுதலாக வருகிறது என்பதால் காதைப் பற்றி மட்டும் நான் "பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொல்வதே இல்லை. சீக்கிரம் தெரிந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே காக்ளியர் இம்பிளான்ட் (காதுக்குள் அறுவைசிகிச்சை செய்து பொருத்தும் கேட்கும் கருவி) வரை போக வழி இருக்கிறது, தாமதமானால் பேச்சு வருவது கடினம்.

தாத்தாவைப் பார்த்து அழுவது பின்னடைவு இல்லை, முன்னேற்றம். 8 மாத வாக்கில் அம்மா வேறு, மற்றவர்கள் வேறு என்று தெரிந்துவிடுகிறது, அந்தத் தெளிவு வந்ததால்தான் அழுகை. தாத்தாவிடம் வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், தூக்க வராமல் தள்ளி உட்கார்ந்து பேசினால் அவளே நகர்ந்து வருவாள். இந்த வயதுக் குழந்தையை வார்டில் தனியாக விட்டால் முதலில் கத்தும், அப்புறம் சோர்ந்து கிடக்கும், அதற்கப்புறம் அமைதியாகி யார் தூக்கினாலும் போகும். "சமத்தாயிடுச்சு" என்று புது நர்ஸ்கள் சந்தோஷப்படுவார்கள். அம்மாவைப் பிரிந்த குழந்தைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பவுல்பியும் இந்த மூன்று கட்டங்களை எழுதிவைத்த பிறகுதான் அம்மாவைக் கூடவே இருக்க விடும் வழக்கம் வார்டுகளில் வந்தது. ஆக அழுகிற குழந்தை நல்ல குழந்தை. உண்மையான பின்னடைவு என்பது சொல்லிக்கொண்டிருந்த சொல் நின்றுபோவது, கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள் பார்க்காமல் போவது, உட்கார்ந்தவள் உட்கார முடியாமல் போவது. வந்த திறமை போனால், எந்த வயதாக இருந்தாலும், அந்த வாரமே டாக்டர்.

மற்ற எல்லைக்கோடுகளையும் சொல்லிவிடுகிறேன், இவை நல்ல நாளுக்கான கணக்கு அல்ல, கடைசித் தேதி. 4 மாதத்தில் தலை நிற்காதது, 9 மாதத்தில் பிடிமானமில்லாமல் உட்காராதது, ஒரு வயதில் மழலைச் சத்தமோ கையசைத்து டாட்டா காட்டுவதோ சுட்டிக் காட்டுவதோ இல்லாதது, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லாதது, 18 மாதத்தில் நடக்காதது, 2 வயதில் "பால் வேணும்" என்று இரண்டு சொல்லைச் சேர்க்காதது. குறைமாதக் குழந்தை என்றால் 2 வயது வரை எத்தனை வாரம் முந்திப் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். இந்தச் சுட்டிக் காட்டுவதைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளைத்தமிழ் மரபில் 9-ம் மாதத்துக்குச் சப்பாணி, 13-ம் மாதத்துக்கு வருகை, 15-ம் மாதத்துக்கு அம்புலி என்று வைத்திருக்கிறார்கள் அல்லவா, கை தட்டுவது, நடந்து வருவது, நிலாவைக் காட்டி அழைப்பது. எங்கள் பாடப்புத்தக வரிசையோடு அது எவ்வளவு நெருங்கி வருகிறது என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் மறக்க மாட்டார்கள். நிலாவைக் காட்டினால் விரலைப் பார்க்கிறதா நிலாவைப் பார்க்கிறதா, பார்த்துவிட்டு அம்மா முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா என்பதில் ஆட்டிசத்துக்கான முதல் தடயமே இருக்கிறது.

வீட்டில் சுலபமாகச் செய்ய ஒரு வழி, திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் போட்ட அட்டை. 2 வயது வரைக்கும் 17 கோடுகள்தான். குழந்தையின் மாதத்தில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்தால், பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன எல்லாவற்றையும் குழந்தை செய்ய வேண்டும். அது சல்லடை மட்டும்தான், அதில் சிக்கினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று அர்த்தமே தவிர நோய் என்று அர்த்தமில்லை.

நடக்க வைக்க வாக்கர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதில் உட்கார வைத்தால் நுனிக்காலால் உந்திப் பழகும், படியில் உருண்டால் தலையில் அடி, கனடாவில் 2004-லேயே விற்கத் தடை போட்டுவிட்டார்கள். திருவிழாக் கடையில் விற்கும் மூன்று சக்கர மர நடைவண்டி பரவாயில்லை, நின்று பழகிய பிறகு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போவது வேறு விஷயம். எண்ணெய் தேய்ப்பதால் கால் உறுதியாகி நடை முந்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, ஆனால் தேய்க்கும்போது நீங்கள் பேசுகிறீர்கள், அவள் பதிலுக்குக் குரல் கொடுக்கிறாள், அதற்காகவே தேய்க்கலாம். மூக்கில் காதில் மட்டும் ஊற்றாதீர்கள். பல் முளைக்காததற்கும் நடைக்கும் சம்பந்தமில்லை.

சாப்பாட்டில் அத்தை சொல்வதை முழுசாகத் தள்ளவும் முடியாது. நம் ஊர்ப் பழக்கத்தில் குழந்தைக்கு ரசம் சாதத்தைக் கரைத்து, வடிகட்டி, தண்ணீர் மாதிரி ஊட்டுவோம், வயிறு ரொம்பும், உடம்பில் ஒட்டாது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதத்தில் குழைந்த பருப்பு சாதம், ஒரு ஸ்பூன் நெய் அல்லது நல்லெண்ணெய், முருங்கைக்கீரை, முட்டை, முள் எடுத்த விரால் மீன், இவற்றில் எது உங்கள் வீட்டுப் பழக்கமோ அது, ஒரு நாளைக்கு 3, 4 வேளை, அரைக் கிண்ணம், தாய்ப்பாலுக்குக் கூடவே. பசும்பாலை ஒரு வயதுக்கு முன் குடிக்கக் கொடுக்க வேண்டாம், அப்புறமும் அரை லிட்டருக்கு மேல் போனால் மற்ற சாப்பாடு இறங்காது, ரத்தம் குறையும். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. கிராம சுகாதார செவிலியரிடம் இரும்புச்சத்து சிரப் கேட்டு வாங்குங்கள், வாரத்தில் 2 நாள் 1 மில்லி, மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

இன்னும் சில மாதத்தில் அவள் நடக்கத் தொடங்கிவிடுவாள், அப்போது கேள்வி தலைகீழாகும். டெல்டாவில் வேலை பார்த்த எனக்கு 1 முதல் 3 வயதுக் குழந்தை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர். கோடையில் காய்ந்து கிடந்த வாய்க்காலில் விளையாடிப் பழகிய குழந்தைக்கு, மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்த தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டது என்று தெரியாது. கால் நன்றாக வந்துவிட்டது, ஆபத்து புரியும் புத்தி வரவில்லை. நடவு நேரத்தில் வீட்டில் பாட்டி மட்டும் இருப்பார். கொல்லைப் பக்கம் ஒரு தட்டிக் கதவும், குளியலறையில் கவிழ்த்து வைத்த வாளியும் எந்தச் சத்துமாவையும் விட முக்கியம். 2 வயதில் எதற்கெடுத்தாலும் "மாட்டேன்" என்பாள், அது அடம் இல்லை, நான் வேறு ஆள் என்று சொல்லிப் பார்ப்பது. 3 வயதுக்கு மேல் "சேட்டை பண்ணா நர்ஸக்கா ஊசி போட்டுடுவாங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த வயதில் உடம்பு சரியில்லாமல் போவதே தான் செய்த தப்புக்குத் தண்டனை என்று நம்பும், அப்புறம் நாங்கள் மருந்தோடு போனாலும் கட்டிலுக்கு அடியில்தான் ஒளியும். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஊசி எதற்கு, எவ்வளவு நேரம் வலிக்கும் என்று உண்மையைச் சொன்னால் கையை நீட்டும். அதெல்லாம் இருக்கட்டும், இன்னும் நாள் இருக்கிறது.

இப்போதைக்கு இவ்வளவு செய்யுங்கள். மாதம் ஒரு முறை, அதே தராசில், அரைஞாணும் கொலுசும் கழற்றி எடை பார்த்து அட்டையில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நான் சொன்ன பருக்கை, துண்டு, பெயர் சோதனைகளை அவள் தூங்கி எழுந்து பால் குடித்துத் தெளிவாக இருக்கும் நேரத்தில் 2, 3 நாள் செய்து பாருங்கள். எல்லாம் வருகிறது, கால் மட்டும் ஊன்றவில்லை என்றால் ஒரு வயது வரை பொறுத்து, அப்போதும் பிடித்துக்கொண்டு நிற்காவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். விறைப்பு, ஒரு கை மட்டும், காது சந்தேகம், இவற்றில் ஒன்று இருந்தால் ஒரு வயது வரை காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு 2 முறை வரும் ஆர்பிஎஸ்கே (குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் சொன்னால், மாவட்டத்தில் அரசு மருத்துவமனையோடு சேர்ந்திருக்கும் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அவர்களே சீட்டு எழுதித் தருவார்கள், பிசியோவும் காதுச் சோதனையும் பேச்சுப் பயிற்சியும் அங்கே காசில்லாமல் கிடைக்கும். அப்புறம், 9 மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை ரூபெல்லா ஊசியும் வைட்டமின் ஏ மருந்தும் ஆயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. விட்டுப்போயிருந்தால் வருகிற புதன்கிழமையே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிடலாம், அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.